பாட்டுக்கு எத்தனை மார்க்?

ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலை பள்ளிக்கூட டைம் டேபிளை வாங்கிச் சற்று நிதானமாகப் பாருங்கள். கணக்கு, விஞ்ஞானம், இங்கிலீஷ் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். எங்கேயோ ஒரு மூலையில் "பாட்டு" என்றும் ஒரு கட்டம் இருந்தால் உங்கள் குழந்தை அதிர்ஷ்டசாலிதான். ஆனால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று குழந்தையையே கேளுங்கள். "அதைக் கணக்கு டீச்சர் எடுத்துக் கொண்டு விட்டார், அம்மா!" என்ற பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கணக்கு டீச்சரைக் கோபித்துக் கொண்டு என்ன பயன்? தமிழ் நாட்டில் பத்தாவது பரீட்சைக்கு ஐந்து பாடங்கள். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 500 மார்க். அந்த ஐந்நூறில் பாட்டுக்கு ஒன்று கூடக் கிடையாது. மார்க் இல்லாத பாடம், வாசலில் செருப்பு விடும் இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது!

சட்டம் பாட்டை அடியோடு மறந்து விட்டது என்று சொல்வதற்கில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்பு வரை கலைக் கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஸி.பி.எஸ்.இ. போர்டு 2019-ல், எல்லா வகுப்புகளிலும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பீரியட் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காகிதத்தில் இருப்பது வகுப்பறைக்கு வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

சரி, படிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? பெரியவர்கள் நாம் பேசிக் கொண்டே இருக்கிறோமே தவிர, அவர்களைக் கேட்பதில்லை. கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும்.

ஐந்து வயது முதல் வீட்டில் பாட்டு வாத்தியாரிடம் கற்கும் பெண், "எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பே வேண்டாம். வருஷம் முழுவதும் ஆண்டு விழாவுக்கு ஒரே பாட்டு. கற்பித்தால் ஒழுங்காகக் கற்பித்து மார்க்கும் போடட்டும்" என்பாள். குரல் எடுக்க வராத பையனோ, "நான் வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?" என்பான். மூன்றாவது பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் சுருதிப் பெட்டியும் இல்லை, சம்பளம் கொடுத்து வாத்தியார் வைக்க வசதியும் இல்லை. "பாட்டு டீச்சர் வராத வாரத்தில் எனக்குப் பாட்டே இல்லை" என்பாள் அவள்.

மூன்றும் நியாயமான அபிப்பிராயங்களே. ஆனால் இந்த மூன்றாவது பெண்ணுக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டு கட்டாயமாக இருக்க வேண்டும் என்பேன். முதல் பெண்ணுக்கு வீடு இருக்கிறது. இவளுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதி ஏது?

"அதுதான் கலை விழாக்கள் நடத்துகிறார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். கேரளத்தில் 1957 முதல் பள்ளிக் கலோத்ஸவம் நடக்கிறது. தமிழ் நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் விழா, பாடத் தெரிந்தவளைக் கண்டுபிடிக்கும். பாடத் தெரியாதவளுக்குக் கற்றுக் கொடுக்க வாரா வாரம் வகுப்பு நடந்தாக வேண்டும்.

சிரிப்புக்குப் பயப்படும் பையனை என்ன செய்வது? தனியாக எழுந்து நின்று பாடு என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அவன் தாளம் போடட்டும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. மற்றவர்கள் சரளி வரிசையை ஓர் ஆவர்த்தனத்துக்குள் முதல் காலத்தில் 8 ஸ்வரமாகவும், இரண்டாம் காலத்தில் 16 ஆகவும், மூன்றாம் காலத்தில் 32 ஆகவும் பாடும்போது, கை தவறாமல் எட்டைக் காப்பாற்றுவது லேசான வேலை அல்ல! அதோடு, பையன்களுக்குக் குரல் உடைவதும் இந்த வயதில்தான். பழைய சுருதி எட்டவில்லையே என்று பயந்து பாட்டையே விட்டு விடுகிறவர்கள் உண்டு. சுருதியை இறக்கிப் பாடச் சொல்ல அப்போதுதான் ஒரு டீச்சர் தேவை.

மார்க் போட வேண்டும் என்ற யோசனை மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. மார்க் வந்தால் பின்னாலேயே டியூஷன் வரும். டியூஷன் வந்தால் அந்த மூன்றாவது பெண் மறுபடியும் கடைசி பெஞ்சுதான். பாட்டைத் தனிப் பாடமாக எடுத்துப் பரீட்சை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஸி.பி.எஸ்.இ.யில் கர்நாடக சங்கீதப் பாடம் உண்டு; எடுத்துக் கொள்ளட்டும். மற்றவர்களுக்கு, யாரும் மார்க் கேட்காத நாற்பது நிமிஷமாவது வாரத்தில் இருக்கட்டுமே!

பாட்டுக் கற்றால் கணக்கு நன்றாக வரும் என்றும் யாராவது ஆசை காட்டுவார்கள். 1993-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிஷம் மோட்ஸார்ட் சங்கீதம் கேட்கச் செய்து ஒரு சிறு சோதனை நடத்தினார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் திறன் கொஞ்ச நேரம் கூடியது. கால் மணிக்குள் மறைந்தும் விட்டது. அதை நம்பி, 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார்! பாட்டுக்கு இந்தச் சிபாரிசெல்லாம் வேண்டாம். பாட்டு பாட்டுக்காகவே போதும்.

இதில் நாம் செய்யக் கூடியது என்ன? முதலாவது, "இந்த வருஷம் பத்தாவது" என்று சொல்லி வீட்டில் பாட்டை நிறுத்தாதீர்கள். குறைத்துக் கொள்ளுங்கள். தினம் கால் மணி சாதகம் செய்வதால் யாரும் பெயிலாகி விட மாட்டார்கள். இரண்டாவது, அரசுப் பள்ளியானாலும் உதவி பெறும் பள்ளியானாலும், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது மார்க் விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வகுப்புக்குப் பாட்டுப் பீரியட் எந்தக் கிழமை? போன வாரம் அது நடந்ததா?"

நாலு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் கணக்கு டீச்சர் கூட அந்தக் கட்டத்தைத் திருப்பிக் கொடுத்து விடுவார். கேட்டுத்தான் பாருங்களேன்!