குறைந்த புள்ளியும் சட்டக் கல்வியும்

ஆண்டுதோறும் பரீட்சைப் பெறுபேறு வெளியாகுங் காலத்து இருவகை மாணவரைக் காண்கின்றோம். விரும்பிய துறைக்குரிய புள்ளியைப் பெற்றோர் ஒருசாரார். புள்ளி சிறிது குறைந்தமையால், "சட்டம் நமக்கில்லை" என்று ஒதுங்கி நிற்போர் மற்றொரு சாரார். முன்னவரை மேடையேற்றி மாலை சூட்டுகின்றோம். பின்னவரை மறந்துவிடுகின்றோம். அவர் பொருட்டுச் சில கூறுதற்கு இவ்விழா மலர் ஏற்ற இடமென எண்ணுகின்றோம்.

முதலில், புள்ளி பொருளற்றதென்று கூறி எவரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிற் சட்டம் பயிலுதற்குள்ள இடங்கள் மிகச் சில. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே அங்குத் தெரிவை முடிவு செய்கின்றது. 1874 இல் தோன்றிய கொழும்புச் சட்டக் கல்லூரியும் போட்டிப் பரீட்சை வைத்தே மாணவரைச் சேர்க்கின்றது. வெட்டுப்புள்ளி எவர் முகத்துக்காகவும் தாழ்வதில்லை.

ஆயினும், ஒரு வாயில் அடைபட்டதைக் கண்டு கோட்டை முழுவதும் அடைபட்டதெனக் கொள்ளலாகாது. சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை இசட் புள்ளியைப் பொறுத்ததன்று. மொழித்திறனையும் பொது அறிவையும் நுண்ணறிவையுமே அது சோதிக்கின்றது. அக்கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துதற்கான ஒழுங்குவிதியை 2023 இல் பாராளுமன்றம் நிராகரித்தமையும் நினைவிலிருத்தற்பாலது. இன்னொரு வழியும் உண்டு. திறந்த பல்கலைக்கழகம் தனக்கெனத் தெரிவுப் பரீட்சை நடத்திச் சட்டமாணி வகுப்பிற் சேர்க்கின்றது. நம் பல்கலைக்கழகங்களிற் சட்டமாணிப் பட்டம் பெற்றவர், நுழைவுப் பரீட்சையின்றியே சட்டக் கல்லூரியிற் பதிந்து, இறுதிப் பரீட்சைகளிற் சித்தியெய்திச் சட்டத்தரணியாகலாம். வழி நீளலாம், சேருமிடம் ஒன்றே.

முதல் முயற்சியிற் பெற்ற புள்ளி ஒருவரின் தகுதிக்கு முடிந்த முடிபன்று. 1888 இல் இலண்டன் சென்ற காந்தியடிகள், ஆங்கு மற்றிக்குலேசன் பரீட்சையில் இலத்தீன் பாடத்தில் முதன்முறை தவறினார். அப்பாடத்தை விட்டோடாது மீண்டும் கற்றுத் தேறினார். அவ்விலத்தீனே உரோமச் சட்டத்தை மூலநூலிற் படிக்க உதவியது. உரோம டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில் பின்னர்ப் பயன் தந்தது. அச்சட்டமே நம் நாட்டுப் பொதுச் சட்டத்துக்கும் அடிப்படை. சிவில் வழக்குகளிற் பெரும்பெயர் பெற்ற எஸ். ஜே. வி. செல்வநாயகமும் முதலில் விஞ்ஞானப் பட்டதாரி. பள்ளி ஆசிரியராயிருந்து பின்னரே சட்டத்துறை புகுந்தார். நேர்வழியில் வந்தவர் மட்டும் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நிற்பதில்லை.

இனி, நம் கடமை யாது? மொழித்தாளிற் புள்ளி குறைவதற்கு மாணவனின் அறிவுக்குறையைக் காரணங்காட்டுதல் எளிது. மாதிரி வினாவிடைகளை மனனஞ் செய்வித்து, சொந்தமாக ஒரு பந்தி எழுதப் பழக்காத வகுப்பறைக்கும் அதிற் பங்குண்டு. நீண்டதொரு பகுதியைப் படித்துப் பொருள் சிதையாமற் சுருக்குதல், எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் விளங்கி அதன்பின் மறுத்தல் ஆகியனவே சட்டத்தரணியின் அன்றாடத் தொழில். இவற்றைத் தமிழ்ப் பாடவேளையிலேயே கற்பிக்கலாம். வாரம் ஒரு சுருக்கம், மாதம் ஒரு விவாதம், நாள்தோறும் ஒரு பத்திரிகை என்று ஒழுங்கு வகுத்தால் பெருஞ் செலவொன்றுமில்லை. ஆங்கிலத்தையும் புறக்கணித்தலாகாது, உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே வெளிவருகின்றன.

சட்டத்துறையில் விளங்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். விழாக் காலத்து நன்கொடை வழங்குவதோடு அமையாது, தவணைக்கொரு முறையாவது வந்து இம்மாணவருடன் உரையாடுக. எப்பரீட்சைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எதனைப் படிப்பது என்று அறியாமலே வாய்ப்பிழப்போர் கிராமப்புறத்தில் இன்றும் உளர். வழக்கறிந்த ஒருவரின் அரைமணி நேரப் பேச்சு அவர்க்குப் பொற்கிழியினும் பெரிது.

மாணவர்காள்! குறைந்த புள்ளியை மறைக்கவும் வேண்டா. அதற்கு அஞ்சவும் வேண்டா. எவ்விடத்திற் குறைந்ததென ஆராய்ந்து, அவ்விடத்தில் உழைமின். நீதி வேண்டி வருவோர் நும் புள்ளியைக் கேட்கமாட்டார். தம் வழக்கை நீர் விளங்கிக்கொண்டீரா என்றே நோக்குவர்.