முதியோரின் விவரம் களவு போனால் கேட்பவர் யார்?

ராஸ் அல் கைமாவில் பணிபுரியும் அன்பர்கள் பலர், ஊரிலுள்ள தாய் தந்தையர் பெயரில் மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் இயல்பே. ஆனால் 2024-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த சம்பவம், அந்தக் கடமைக்கு இன்னொரு பாதியும் உண்டு என்பதைக் காட்டிவிட்டது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், அவ்வாண்டு செப்டம்பரில் டெலிகிராம் வழியே யாரும் பெறும்படி கிடந்தன. பெயர், விலாசம், தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், நோயின் பெயர், பரிசோதனை முடிவு எல்லாம் அவற்றில் இருந்தன. மூன்று கோடிக்கும் அதிகமானோரின் விவரம் தன் கையில் இருப்பதாகத் திருடியவன் கூறிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகித் தடையுத்தரவு பெற்றது. தன் கணினிகள் தாக்கப்பட்டதையும், சில விவரங்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்டதையும் பின்னர் ஒப்புக்கொண்டது.

இதில் முதியோருக்கு என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். அறுவை சிகிச்சை நடந்த தேதியையும் மருத்துவமனையின் பெயரையும் சரியாகச் சொல்லி ஒருவன் தொலைபேசியில் பேசினால், தனியே இருக்கும் எழுபது வயதுத் தகப்பனார் அவனை நம்பிவிடுவார். "பாக்கித் தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்றதும் சொல்லியும் விடுவார். கடவுச்சொல்லை மாற்றலாம், நோயின் வரலாற்றை மாற்ற முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, மருத்துவ விவரம் போன்றவற்றை வைத்திருக்கும் நிறுவனம் அஜாக்கிரதையாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் நேர்ந்தால், ஈடு தர வேண்டும் என்கிறது. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிக்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அபுதாபியில் பணிபுரிந்த தமிழர் ஒருவர், 2007-இல் போலி மின்னஞ்சலை நம்பி வங்கிப் பணத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் இழந்தார். அவர் ஏமாந்தது உண்மையே. ஆயினும் வங்கியும் போதிய கவனம் எடுக்கவில்லை என்று கண்டு, 2010-இல் தமிழ்நாட்டுத் தீர்ப்பு அதிகாரி அவருக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் தரும்படி இதே சட்டத்தின் கீழ் உத்தரவிட்டார்.

2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்ட முதியவருக்கு ஒரு காசும் வராது. அதோடு, 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கையின்படி, பதினெட்டு மாதத் தவணை முடிந்ததும் 43-ஏ பிரிவே நீக்கப்படும். இது நியாயமல்ல. வலி ஒருவருக்கு, மருந்துச் செலவு இன்னொருவருக்கு என்பது போன்ற ஏற்பாடு இது. ஈடு கேட்கும் உரிமை புதிய சட்டத்திலும் இடம்பெற வேண்டும் என்று வெளிநாட்டு இந்தியர் சங்கங்கள் தூதரகம் மூலம் வற்புறுத்துவது அவசியம்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, எந்தெந்த விவரம் வெளியேறியது என்று எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிடில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசாவில் புகார் செய்யலாம். பெற்றோரின் ஆதார் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கலாம். பணம் போனால் ஊரிலிருப்பவர் தாமதமின்றி 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும்; மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். கசிந்த விவரம் வாட்ஸ்அப்பில் வந்தால் எவருக்கும் அனுப்பலாகாது. பிறர் அந்தரங்கத்தைப் பரப்புவது அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் பேசும் அன்பர்கள், "யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதீர்கள், முதலில் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவைப்பது நன்று. ஏமாந்துவிட்டாலும் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்க வேண்டும். பிள்ளைகளின் கோபத்துக்கு அஞ்சி மறைக்கப்படும் மோசடியே திருடனுக்கு மிகுந்த அவகாசம் தருகிறது.