கிரவுண்ட் சின்னதென்றால் விதியை வெட்டுவோம், விளையாட்டை வெட்ட வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் நேரம் ஒதுக்கி முழுசாக வாசித்தால் சந்தோஷம்.

அண்மையில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கருத்து வந்தது. முதலாவது: பாடசாலை கிரவுண்ட் சின்னது, ஒரு பக்கம் சரிவு, முறைப்படி எல்லே விளையாட இடம் போதாது. அதனால் இல்ல விளையாட்டுப் போட்டியில் இருந்து எல்லேயை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வாகனம் நிறுத்த விடலாம். இரண்டாவது: அப்படியே எல்லே வைத்தாலும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தால் போதும். சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களும் நம் ஆட்கள்தான், பிள்ளைகளின் நன்மையைத்தான் நினைக்கிறார்கள். ஆனாலும் இரண்டு கருத்துக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: விளையாட்டு என்பது யாரோ ஒருதரம் எழுதி வைத்தது, அதை மாற்ற முடியாது, இடமோ பிள்ளையோ அதற்குப் பொருந்தவில்லை என்றால் விலக வேண்டியதுதான் என்று.

இந்த நம்பிக்கை பிழை. அதை விளக்க ஒரு தூரத்துக் கதை சொல்கிறேன். அதற்குக் காரணமும் ஒரு பிள்ளைதான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், எல்லேயும் பேஸ்போலும் ஒன்னா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் பார்த்தால் சொந்தக்காரர் மாதிரித்தான் இருக்கும். தடியால் பந்தை அடிக்க வேண்டும், நின்று நின்று ஒரு சுற்று ஓடி வர வேண்டும். பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் எறிந்து அடித்தால் அவுட். பேஸ்போலில் அப்படி எறியக் கூடாது.

ஆனால் அமெரிக்காவில் பேஸ்போலின் ஆரம்ப வடிவங்களில் அப்படித்தான் எறிந்தார்கள். 1845இல் நியூயோர்க்கில் நிக்கர்பொக்கர் என்ற கழகம் விதிகளை எழுதியபோதுதான், ஓடுகிறவர் மீது பந்தை எறியக் கூடாது, பந்தால் தொட்டோ, அவர் போய்ச் சேருமுன் பந்தை நிலையத்தில் சேர்த்தோ அவுட் ஆக்க வேண்டும் என்று வைத்தார்கள். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். ஆளை அடிப்பதென்றால் பந்து மெதுவாக இருக்க வேண்டும். ஆளை அடிக்கத் தேவையில்லை என்றானதும் கடினமான பந்தைப் பாவிக்கலாம். கடினமான பந்து தூரம் போகும், அதற்குப் பெரிய மைதானம் வேண்டும். நம் எல்லே மெதுவான பந்தோடு இருப்பதால்தான் இன்றும் ஆளை எறிந்து அவுட் ஆக்குகிறோம். விதி, பந்து, கிரவுண்ட் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும்.

அதோடு நின்றதா? அந்த ஆரம்ப விதிப்படி முதலில் 21 ஓட்டம் எடுத்த பக்கம் வெற்றி. 9 இன்னிங்ஸ், பக்கத்துக்கு 9 பேர், நிலையங்களுக்கு இடையில் 90 அடி என்பதெல்லாம் 1857இல்தான் தீர்மானமானது. பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும் என்பது நீண்ட காலம் விதி. 1884இல் பெரிய லீக் ஆட்டத்தில் தோளுக்கு மேலால் வீச அனுமதி வந்தது. வீச்சு வேகமாகி அடிப்பவர் திணறியதும், 1893இல் வீசும் தூரத்தை 60 அடி 6 அங்குலம் ஆக்கினார்கள். 1968இல் வீச்சாளர்கள் அளவுக்கு மீறி ஆதிக்கம் செய்தார்கள். அடுத்த வருஷமே அவர்கள் நிற்கும் மண்மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஆட்டம் இழுபடுகிறது, சனம் சலித்துப் போகிறது என்று 2023இல் வீச்சாளருக்கு மணிக்கூடு வைத்தார்கள். ஓடுகிறவர் யாரும் நிலையத்தில் இல்லை என்றால் 15 செக்கனுக்குள் வீச வேண்டும். ஒரு பக்கத்துக்கு வாய்ப்புக் குறைந்தாலும், ஆளுக்கு ஆபத்து வந்தாலும், பார்க்கிறவர் களைத்தாலும் விதியைத்தான் திருத்தினார்கள். விளையாட்டை நிறுத்தவில்லை.

உபகரணத்தின் கதை இன்னும் சுவாரசியம். ஆரம்பத்தில் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். 1875இல் சார்ள்ஸ் வெயிட் என்ற ஆட்டக்காரர் கையுறை போட்டு வந்தார். யாரும் கவனிக்கக் கூடாதென்று தோல் நிறத்திலேயே போட்டிருந்தாராம். ஆனாலும் சிரித்தார்கள். இன்று கையுறை இல்லாமல் களத்தில் நிற்பவரைத்தான் பைத்தியம் என்பார்கள். பந்து பிடிப்பவரின் முகக் கூண்டு 1877இல் ஹாவர்ட் பல்கலைக்கழக அணியில் வந்தது. வாள்சண்டைக்குப் போடும் முகமூடியைத் திருத்திச் செய்தது அது. தலைக்கவசத்துக்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 1920 ஓகஸ்டில் ரே சப்மன் என்ற ஆட்டக்காரரின் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்து போனார். அழுக்கேறிய பந்து மங்கிய வெளிச்சத்தில் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வந்தது. ஆனால் பெரிய லீக்கில் புதிதாக வருகிற எல்லோருக்கும் முழுத் தலைக்கவசம் கட்டாயமானது 1971இல்தான். ஐம்பது வருஷம்! பாதுகாப்பு விஷயத்தில் மனிதர்கள் எவ்வளவு மெதுவாகத் திருந்துகிறோம் பாருங்கள்.

இனி நமக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: கிரவுண்ட். பேஸ்போலில் உள்சதுரத்தின் அளவு எல்லா இடத்திலும் ஒன்று. ஆனால் வெளிமைதானத்துக்கு ஒரே அளவு கிடையாது. கோடி கோடியாகப் பணம் புரளும் லீக்கிலேயே ஒவ்வொரு மைதானமும் ஒவ்வொரு வடிவம். பொஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க் 1912இல் திறந்தது. இடப்பக்கத்தில் வீதி போகிறது, மைதானத்தை அந்தப் பக்கம் நீட்ட வழியில்லை. என்ன செய்தார்கள்? அங்கே 37 அடி உயரத்துக்குச் சுவர் நிற்கிறது. இன்று அந்தச் சுவரைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். பந்து சுவரில் பட்டால் என்ன, ஏணியில் பட்டால் என்ன என்று அந்தந்த மைதானத்துக்கென்றே தனி விதிகளும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வீதி என்றால் நமக்குத் தேயிலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறுவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதும் ஆசிரியராக எனக்குப் பிடித்த கதை. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டொட்ஸ் என்பவர் லிட்டில் லீக்கைத் தொடங்கினார். பெரியவர்களின் 90 அடியைச் சிறு பிள்ளையால் ஓட முடியவில்லை. பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்து, நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை 60 அடியாக்கினார். மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளையை நீட்ட முடியாது, மைதானத்தைச் சுருக்கலாம். கல்வியியற் கல்லூரியில் நமக்குப் படிப்பித்ததும் இதுதானே, பிள்ளையின் மட்டத்துக்குப் பாடத்தைக் கொண்டு வா என்று.

நம் மலையகத்து ஆளையே எடுங்கள். முத்தையா முரளிதரனின் தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். 1995இல் மெல்பேர்ன் டெஸ்டில் அவர் பந்தை "எறிகிறார்" என்று நடுவர் நோபோல் கொடுத்தது நம் எல்லோருக்கும் தெரியும். பிறகு விஞ்ஞான ரீதியாக அளந்து பார்த்தபோது, சுத்தமான கை என்று நம்பிய பலரின் முழங்கையும் வீசும்போது மடிந்து நீள்வது தெரியவந்தது. வேகப்பந்துக்கு 10 பாகை, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்றிருந்த எல்லையை 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று மாற்றினார்கள். அளந்தார்கள், விதி உண்மைக்குப் பொருந்தவில்லை என்று கண்டார்கள், திருத்தினார்கள். கிரிக்கெட்டின் சட்டமே அசைந்தது என்றால் நம் இல்ல விளையாட்டுப் போட்டியின் சட்டம் அசையாதா?

இப்போது பெண் பிள்ளைகள் விஷயம். 1972இல் அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரத்தில் மரியா பெப்பே என்ற சிறுமி லிட்டில் லீக்கில் மூன்று ஆட்டம் வீசினாள். பெண் விளையாடக் கூடாது என்று மேலிடம் நெருக்கியதால் விலக வேண்டி வந்தது. வழக்குப் போனது. 1974இல் லிட்டில் லீக் தன் விதியை மாற்றிப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தது. அந்த மாற்றம் வரும்போது மரியாவுக்கு வயது கடந்துவிட்டது, திரும்பி வந்து விளையாட முடியவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை பிள்ளையின் வயது காத்துக்கொண்டு நிற்காது.

உடுப்பு ஒரு பிரச்சினை என்று நம் முஸ்லிம் பெற்றோர் சிலர் தனியாக என்னிடம் சொன்னார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன், எனக்கும் பழக்கமான கவலைதான். ஆனால் உலகம் அதற்கும் விதியைத் திருத்திவிட்டது. தலையை மூடி உதைபந்தாட்டம் ஆட 2014இல் அனுமதி வந்தது. 2017இல் கூடைப்பந்தாட்டத்திலும் வந்தது. உலகக் கிண்ணத்துக்கே சரி என்றான பிறகு, நம் பாடசாலை முற்றத்தில் நீளக் காற்சட்டையும் முழுக்கை மேற்சட்டையும் ஸ்காஃபும் போட்டு ஒரு பிள்ளை எல்லே அடிப்பதை யார் தடுப்பது? உடுப்பைத் தீர்மானிப்போம், பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒருவரே சொன்னார்: "சின்ன கிரவுண்டில், வெட்டின விதியில் பழகின பிள்ளை வலய மட்டத்துக்குப் போனால் அங்கே முழு அளவு மைதானம். தோற்றுப் போகும்." உண்மைதான். அதனால் இரண்டையும் பிரிப்போம். எல்லாப் பிள்ளையும் விளையாட நம் விதி. அணிக்குத் தெரிவாகும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், கிடைக்கிற பெரிய மைதானத்தில் முழு அளவில் பயிற்சி. ஆனால் வலயத்துக்குப் போகிற பதினைந்து, இருபது பேருக்காக மற்ற முந்நூறு பேரைக் கரையில் உட்கார வைப்பது கணக்குச் சரியில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விதியை வெட்டலாம் என்பது, தோட்டப் பிள்ளைக்கு நல்ல கிரவுண்ட் வேண்டாம் என்பதற்குச் சாட்டாகிவிடக் கூடாது. பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் விளையாடிப் பழகிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். ஹோமாகமவில் ஜப்பான் உதவியோடு பேஸ்போலுக்கென்றே ஒரு மைதானம் கட்ட முடிந்த நாட்டில், மலையில் ஒரு பாடசாலைக்குச் சமதரையாய் ஒரு துண்டு நிலம் கேட்பது பேராசை இல்லை. இருக்கிற துண்டையும் வாகனத்துக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்குக் கேட்கும்போது "நீங்களே விட்டுக்கொடுத்த இடம்தானே" என்பார்கள். கொடுத்த நிலம் திரும்பி வராது, அனுபவப்பட்டவர்கள் நாம்.

ஆகவே என் யோசனை இதுதான். திருத்துங்கள், கூட்டுங்கள், குறையுங்கள்:

1. நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை முழு அளவில் மூன்றில் இரண்டாக்குவோம். ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாதி.

2. தேயிலைக்குள் பந்து போனால் இரண்டாவது நிலையத்தோடு நிற்க வேண்டும். ஆற்றுப் பக்கம் அடித்தால் அவுட். பந்து வாங்கக் காசு இல்லை என்பதும் காரணம், மலையில் கொழுந்து எடுக்கிற தாய்மார் மீது படக் கூடாது என்பதும் காரணம். இடம் பார்த்து அடிக்கவும் பிள்ளை பழகும்.

3. அடித்த பிறகு தடியை வீசி எறிந்தால் அவுட். நம் கிரவுண்டில் நடக்கிற காயங்கள் கூடுதலாகத் தடியால்தான்.

4. பனி மூடி, தூரத்து நிலையம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். சப்மனின் கதையை மறக்க வேண்டாம்.

5. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தை வீச வேண்டாம். இடுப்பு உயரக் குச்சியில் வைத்து அடிக்கட்டும். அமெரிக்காவிலும் சிறுவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

6. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஆண் அணி ஒன்று, பெண் அணி ஒன்று. ஒரே நாள், ஒரே கிரவுண்ட், ஒரே அளவு பரிசு.

அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், பழைய மாணவர்கள், தலைவர்மார், பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து வாருங்கள். வேலை நாளில் வர முடியாத அம்மாமார் உங்கள் கருத்தைப் பிள்ளையின் கொப்பியில் இரண்டு வரி எழுதி அனுப்பினாலும் போதும், கூட்டத்தில் நான் வாசிக்கிறேன். எழுத வராதென்றால் பிள்ளையிடம் சொல்லி விடுங்கள். மூங்கில் வெட்டித் தரக்கூடியவர்கள், சரிவுப் பக்கம் ஒரு நாள் மண்வெட்டி பிடிக்கக் கூடியவர்கள் கீழே பெயர் போடுங்கள். என் யோசனையில் பிழை கண்டால் அதையும் கீழேயே சொல்லுங்கள், கூட்டத்துக்கு முன் திருத்திக்கொள்ளலாம். மழை தொடங்குவதற்கு முன் கிரவுண்டைச் சரிபண்ணிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.