மேங்கோசெப் மூட்டையின் வயது

மருந்துக் கடையில் ‘எம்-45’ என்று கேட்டால் போதும், மேங்கோசெப் 75 சதவீத நனையும் தூள் கைக்கு வந்துவிடும். ‘பச்சை முக்கோணம்தாங்க, ஒண்ணும் செய்யாது’ என்ற உறுதிமொழியும் இலவசமாகக் கூடவே வரும். நீலகிரி உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகலுக்கும், கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையின் அடிச்சாம்பலுக்கும், வாழையின் சிகடோகா இலைப்புள்ளிக்கும் இந்த மஞ்சள் தூள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் சொல்வதை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் பரிந்துரைச் சீட்டுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் அதே உறுதிமொழி கொஞ்சம் இலக்கணச் சுத்தமாக ஒலிக்கிறது. அதனால்தான் இந்த உரை.

1971 பூச்சிக்கொல்லி விதிகள் பைமேல் உள்ள முக்கோணத்துக்கு வகுத்த நான்கு நிறங்களும் ஒரே அளவுகோலில் நிற்பவை. சோதனை விலங்குகளில் பாதி செத்துப்போக எவ்வளவு மருந்து வேண்டும் என்பதே அந்த அளவுகோல். வாய்வழியாக உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மேங்கோசெப் எலிகளில் 5,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஆகவே பச்சை பொய்யில்லை. இன்று இதைத் தவறி விழுங்கியவர் நாளை சாவாரா என்று கேட்டால் முக்கோணம் சரியாகவே பதில் சொல்லும். பத்து ஆண்டு தெளித்தவரின் தைராய்டு எப்படி இருக்கும், கருவுற்ற பெண் கலவை கலக்கலாமா, கிடங்கில் 200 மூட்டையை அடுக்கலாமா என்றெல்லாம் அதனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கேள்விகளைக் கேட்டது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு விளைவிக்கக்கூடிய 1பி பிரிவிலும், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பிரிவிலும் மேங்கோசெப்பை வைத்தது. நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையைக் குலைப்பது என்றும் முடிவு செய்து, 2020 டிசம்பரில் ஒப்புதலைப் புதுப்பிக்க மறுத்தது. நம் நாட்டில் 2020 மே மாதம் வெளியான 27 மருந்துகளின் தடை வரைவில் மேங்கோசெப் இருந்தது. 2023இல் வந்த இறுதி ஆணையில் அதற்கு முழுத் தடை இல்லை, சில பயிர்களில் மட்டும் பயன்பாடு நிறுத்தப்பட்டது. தடை வேண்டுமா என்ற வழக்கை இங்கே நடத்தும் எண்ணம் எனக்கில்லை. 1962இல் சந்தைக்கு வந்த இந்த மருந்து பூசணத்தின் ஒரு நொதியை மட்டும் குறிவைப்பதில்லை, பலவற்றை ஒரே நேரத்தில் முடக்குகிறது. அதனால் எதிர்ப்புத்திறன் எளிதில் உருவாவதில்லை. மெட்டலாக்சிலும் சைமாக்சனிலும் கொஞ்ச காலமாவது பிழைத்திருப்பது இதன் தோளில் ஏறிக்கொண்டுதான். நாளைக்கே இதை எடுத்துவிட்டால் உதகை விவசாயி எதைத் தெளிப்பார் என்பதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. இருக்கும்வரை இதைச் சரியாக மதிப்பிடுகிறோமா என்பதே என் கவலை.

மதிப்பீட்டில் நாம் வழக்கமாகத் தவறவிடுவது ஒன்றுண்டு. மேங்கோசெப்பின் உடல்நலக் கேட்டையும் தீ ஆபத்தையும் இரண்டு தனி அத்தியாயங்களாகப் படிக்கிறோம். பாதுகாப்புத் தரவுத்தாளும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. வேதியியலில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இந்த மூலக்கூறு ஈரத்திலும் சூட்டிலும் அமிலத்திலும் சிதைகிறது. சிதையும்போது ஒரு பக்கம் கார்பன் டைசல்ஃபைடு வாயு வெளியேறுகிறது, இன்னொரு பக்கம் எத்திலீன் தையோயூரியா மிஞ்சுகிறது. முன்னது தீப்பிடிக்கும். பின்னது, ஈ.டி.யூ. என்று நாம் சுருக்கிச் சொல்வது, தைராய்டைத் தாக்கும்.

ஈ.டி.யூ. செய்யும் வேலை தெளிவானது. தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவையான பெராக்சிடேஸ் நொதியை அது தடுக்கிறது. ஹார்மோன் குறைய, பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டித் தைராய்டை விரட்டுகிறது. எலிகளுக்கு நீண்ட காலம் கொடுத்தபோது தைராய்டில் கட்டிகள் வந்தன. கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகளின் மூளை வளர்ச்சி கெட்டது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்பதில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவுகூறாமல் மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. 1993இல் உணவு வேளாண் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டாக நிர்ணயித்த நாளொன்றின் ஏற்பளவைப் பாருங்கள்: மேங்கோசெப்புக்குக் கிலோ உடல் எடைக்கு 0.03 மில்லிகிராம், ஈ.டி.யூ.வுக்கு 0.004. சிதைந்து பிறந்தது தாயைவிட ஏழு மடங்குக்கு மேல் கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது.

மனிதர்களிடம் என்ன கண்டோம்? மெக்சிகோவில் முதுகுத் தெளிப்பானால் மேங்கோசெப் வகை மருந்து அடித்தவர்களை 1997இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. அவர்கள் சிறுநீரில் ஈ.டி.யூ. இருந்தது, டி.எஸ்.எச். சற்றே உயர்ந்திருந்தது, தைராக்சின் குறையவில்லை. சிறிய ஆய்வு, அதை வைத்து முரசறைய முடியாது. கோஸ்டா ரிகாவின் மத்தினா வட்டாரத்தில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே வாழைத் தோட்டங்களுக்கு விமானத்திலிருந்து மேங்கோசெப் தெளிக்கிறார்கள். தோட்டங்களுக்கு அருகே வாழும் 400க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். தோட்டத்துக்கு நெருங்கிய வீட்டுப் பெண்களிடம் ஈ.டி.யூ. கூடுதலாக இருந்தது. முந்தின நாள் தோட்டத் துணிகளைத் துவைத்தவர்களிடமும் அப்படியே. நம் ஊரில் விமானம் இல்லை. மருந்தடித்துவிட்டு வந்தவர் கழற்றிப் போடும் கைலியும் சட்டையும் இருக்கின்றன. அவற்றைத் துவைப்பவர் யாரென்று நமக்குத் தெரியும். தெளிப்பவரை மட்டும் எண்ணும் நம் பாதிப்புக் கணக்கில் அவர் பெயர் எங்கும் வருவதில்லை.

இனி கிடங்குக்கு வருவோம். மேங்கோசெப்பின் உடன்பிறப்பான மேனெப், 60 சதவீதத்துக்குக் குறையாத தயாரிப்பாக இருந்தால், தானே தீப்பற்றும் பொருளாக ஐ.நா. எண் 2210இன் கீழ் கப்பலேறுகிறது. மேங்கோசெப்பில் துத்தநாகம் சேர்ந்திருப்பதாலும் நிலைப்படுத்திகள் கலப்பதாலும் இன்றைய தயாரிப்புகள் பல அந்த வகைக்குள் வராமல் தப்புகின்றன. தப்பியதைத் தீர்மானிக்கும் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கிடங்குப் பொறுப்பாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 10 சென்டிமீட்டர் கனசதுரக் கூட்டில் தூளை நிரப்பி, 140 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். உள்ளே 200 டிகிரியைத் தாண்டினால் தானே சூடேறும் பொருள். ஏன் 140? அந்தச் சின்னக் கூட்டுக்கு 140 டிகிரி என்பது, பக்கத்துக்கு 3 மீட்டராக 27 கன மீட்டர் குவியலுக்கு 50 டிகிரிக்குச் சமம் என்ற கணக்கு. மரக்கரியை வைத்துப் போட்டது. ஈரம் காயாமல் போட்ட வைக்கோற்போர் நடுவில் வெந்துபோவதைக் கண்ட எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு பை சூட்டை வெளியே விட்டுவிடும். அடுக்கின் நடுவில் மாட்டிய பைக்கு அந்த வழி கிடையாது.

கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் 50 டிகிரி எட்டாக் கனி ஒன்றுமில்லை. சோதனையில் தேறியது ஆலையிலிருந்து வந்த காய்ந்த புதுச் சரக்கு என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு மழைக்காலம் பார்த்து, ஓரம் கட்டிதட்டிப்போன மூட்டைக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு பொருந்தும்? கார்பன் டைசல்ஃபைடு காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். ஏறத்தாழ 90 டிகிரியிலேயே தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கும் சூடுகூட வேண்டியதில்லை. கிடங்கில் அழுகிய முள்ளங்கி நாற்றம் அடித்தால் ‘மருந்து வாசனைதானே’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். விளக்கு சுவிட்சில் கைவைக்காமல் கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்க வேண்டிய நேரம் அது.

தீப்பிடித்துவிட்டால் அடுத்த தலைவலி தண்ணீர். மேங்கோசெப் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்தபோது, அணைக்க ஊற்றிய நீர் பூச்சிக்கொல்லிகளையும் பாதரசப் பூசணக்கொல்லியையும் ரைன் ஆற்றுக்குள் இழுத்துச் சென்றது. விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. எரிந்ததைவிடக் கழுவிப் போனது அதிகக் கேடு செய்த வழக்கு அது. நம் கூட்டுறவுக் கிடங்குகளில் எத்தனைக்கு, கழிவுநீர் வெளியேறாமல் தடுக்கும் வரம்பு வாசலில் இருக்கிறது? வாய்க்காலை ஒட்டியே கட்டியவைதான் நினைவுக்கு வருகின்றன.

எச்ச ஆய்வகத்தாருக்கும் தரக்கட்டுப்பாட்டு நண்பர்களுக்கும் ஒன்று. காய்கறியில் இவ்வகை மருந்தின் எச்சத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து, வரும் கார்பன் டைசல்ஃபைடை அளந்து சொல்கிறோம். ஏற்கெனவே ஈ.டி.யூ.வாக மாறிவிட்ட பங்கு இந்த முறையில் கண்ணில் படாது. எனவே மருந்து எவ்வளவு சிதைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நம் அறிக்கை நல்லபடியாக வரும்! சமைக்கும்போதும் இதே மாற்றம்தான். மேலோட்டமாக ஒட்டியிருக்கும் தூள் கழுவினால் பெருமளவு போகும். கழுவாமல் கொதிக்கவிட்டால் ஈ.டி.யூ. ஆகும். பை சோதனையிலும் இதே குருட்டுத்தனம். 75 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 60தான் இருந்தால் ‘தரமற்றது’ என்று எழுதி, விவசாயி ஏமாற்றப்பட்டதாக வழக்குப் போடுகிறோம். நியாயம்தான். காணாமல் போன அந்த 15 முதலிலிருந்தே போடப்படாததா, போட்டபின் சிதைந்ததா என்று பார்ப்பதில்லை. போடாமல் விட்டது பணத்தோடு போகும். சிதைந்தது தெளிப்பவர் மூச்சுக்குள்தானே போகிறது? மேங்கோசெப் அளவில் ஈ.டி.யூ. 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவு வேளாண் அமைப்பின் தர வரையறை. பழைய மாதிரிகளில் அதையும் அளந்தால் போதும்.

மருத்துவர்களுக்குச் சுருக்கமாக. இது டைதயோகார்பமேட். கார்போபியூரான் போன்ற கார்பமேட் பூச்சிக்கொல்லிகளைப் போல் கோலினெஸ்டரேசைத் தடுப்பதில்லை. அந்த ரத்தப் பரிசோதனை எதையும் காட்டாது. நச்சுமுறிவுக்கென்று தனி மருந்தும் இல்லை. பெயரில் கார்பமேட் இருக்கிறதே என்று அட்ரோபின் ஏற்றத் தொடங்காதீர்கள். முன்கையில், கழுத்தில் அரிப்புத் தடிப்போடு வருபவரிடம் எந்தப் பயிருக்கு மருந்தடித்தார் என்று கேளுங்கள். பல ஆண்டு தெளித்தவர் என்றால் டி.எஸ்.எச். பார்க்க எழுதிக்கொடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, களத்தில் இருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது. கார்பென்டாசிம் 12 சதவீதம் சேர்ந்த பையில் மேங்கோசெப் 63. மெட்டலாக்சில் 8 சேர்ந்ததில் 64. சைமாக்சனில் 8 சேர்ந்ததிலும் 64. பருவத்தில் ‘மருந்தை மாற்றி மாற்றி அடிச்சேங்க’ என்பவர் நான்கு பெயரில் ஒரே மேங்கோசெப்பை அடித்திருப்பார். அவருடைய பதிவேட்டில் நான்கு மருந்துகள், உடம்பில் ஒரே ஈ.டி.யூ. மாலையில் மிஞ்சிய கலவையை மறுநாளுக்கு டிரம்மில் மூடி வைப்பவர்களும் உண்டு. தண்ணீரில் மேங்கோசெப் ஓரிரு நாளில் சிதைந்துவிடும். மறுநாள் தெளிப்பதில் பூசணத்துக்குப் பாதிப்பு குறைவு, ஆளுக்குக் கூடுதல்.

பாதிப்பு அதிகம் நேர்வது தெளிக்கும்போது என்று நினைக்கிறோம். தூளைப் பையிலிருந்து கொட்டிக் கையால் கலக்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான் கவனிக்க வேண்டும். தூளுக்குப் பதில் நீரில் பிரியும் குருணை வடிவத்தைப் பரிந்துரைத்தால் புழுதி வெகுவாகக் குறையும். விலை கூடும் என்பார்கள். ஒரு கையுறையும் ஒரு குச்சியும் விலை கூடாது. அவற்றையாவது சீட்டில் எழுதுவோம்.

இதழின் பங்காக ஒன்று செய்கிறோம். மேங்கோசெப்போ அது கலந்த மருந்தோ பயன்படுத்திய கள ஆய்வுக் கட்டுரைகள் இனி நான்கு விவரங்களைத் தர வேண்டும்: தயாரிப்பு மாதம், வாங்கியபின் வைத்திருந்த இடமும் காலமும், தூளா குருணையா, கலந்தவரும் தெளித்தவரும் அணிந்திருந்தவை. எச்சம் பேசும் கட்டுரை என்றால் ஈ.டி.யூ. அளவும் வேண்டும். செலவு கூடும் என்ற முறையீடு வரும் என்று தெரியும். சிறிய ஆய்வகங்களுக்குக் காலக்கெடுவைத் தளர்த்த ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. இப்போது மதிப்பீட்டாளர்களிடம் இருக்கும் கட்டுரைகளுக்கு இது பொருந்தாது. ஆவணி இதழுக்கு வருபவற்றிலிருந்து தொடங்கும்.