குணம் தந்தது மருந்தா, நம்பிக்கையா?

மனச்சோர்வு சோம்பலன்று, பேய்க்குற்றமுமன்று, அது நோய். இதனை ஏற்றுக்கொள்ளவே உலகத்துக்கு நெடுங்காலம் சென்றது. இன்று வழக்கிலுள்ள குளிசைகளால் பலர் நலம் பெறுகின்றனர், பெறாதோரும் பலர். அவ்வாறு பெறாதோரின் வாயிலிலேதான் புதியதொரு வணிகம் வந்து நிற்கின்றது.

மாயக் காட்சிகளைத் தோற்றுவிக்கும் எல்.எஸ்.டி., சைலோசைபின் ஆகியவற்றை, மயக்கம் ஏறாத நுண்பங்காக மூன்று நாளுக்கொருமுறை உட்கொண்டால் துயர் அகலும், ஊக்கம் பிறக்கும் என்பதே அவ்வணிகத்தின் கூற்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பாடிமன் 2011இல் வெளியிட்ட நூலின் பின்னர் இவ்வழக்கம் பெரிதும் பரவலாயிற்று. முழு அளவின் பத்திலொரு பங்கு என்பது பொதுக்கணக்கு. எல்.எஸ்.டி. ஆயின் ஏறத்தாழ 10 மைக்கிரோகிராம். அதாவது ஒரு கிராமை ஓரிலட்சமாகப் பகுத்தால் வரும் துணுக்கு. நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் ரொறன்ரோ நகரிலே சட்டத்தை மீறிக் காளான் கடைகளே திறக்கப்பட்டன. ஆகவே இஃது யாருக்கோ உரிய செய்தியென்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

இவை நேற்று முளைத்த பொருள்களல்ல. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே, சண்டோஸ் கம்பெனியின் ஆய்வுகூடத்தில், அல்பேட் ஹொப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யை ஆக்கினார், 1943இல் அதன் வலிமையைத் தம்முடலிலேயே கண்டார். சைலோசைபினோ, மெக்சிக்கோவின் மசத்தெக் மக்கள் நோய் தீர்க்கும் இரவுச் சடங்குகளில் உண்டுவந்த காளானின் சத்து. 1957இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்று அச்சடங்கை ஊரறியச் செய்தது. அடுத்த ஆண்டிலே ஹொப்மன் அச்சத்தைப் பிரித்தெடுத்தார். இன்று ஆக்கவுரிமைப் பத்திரங்களுடன் திரியும் கம்பெனிகள் அம்மக்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகின்றன என்று கேட்க நமக்கு ஆசைதான். எனினும் இப்போதைய வினா வேறு: நுண்பங்கு நோய் தீர்க்கின்றதா?

விடை காணும் வழியை நமது கமக்காரர் நன்கறிவர். உரம் விற்க வந்தவன் வாய்ச்சொல்லை நம்பித் தோட்டம் முழுவதற்கும் எவரும் இடுவதில்லை. ஒரு பாத்திக்கு இட்டு, அடுத்த பாத்திக்கு இடாது விட்டு, இரண்டையும் ஒப்பிடுவர். இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய பிஷர் என்னும் புள்ளிவிபர அறிஞர் இதற்கு இலக்கணம் வகுத்தார்: எப்பாத்திக்கு உரம் என்பதைத் திருவுளச்சீட்டே தீர்மானிக்கவேண்டும். 1948இல் வெளியான, காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் கொடுத்த சோதனையின் வாயிலாக அம்முறை வைத்தியத்துறையிலும் வேரூன்றிற்று. மனநோய்க்கு இன்னுமொரு காவலும் வேண்டும். பயிர் உரத்தை நம்பி வளர்வதில்லை. மனிதனோ குளிசையை நம்பினாலே சற்றுத் தேறுகின்றான். ஆகையால் தான் உண்பது மருந்தா, வெற்றுக்குளிசையா என்பது அவனுக்குத் தெரிதலாகாது.

இலண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாறே அமைந்தது. தம் விருப்பினாலே நுண்பங்கை மேற்கொண்ட 191 பேர், அறிஞர் வகுத்த முறைப்படி, மருந்துள்ளனவும் அற்றனவுமான குளிசைகளைத் தாமே ஆயத்தஞ்செய்து, உறைகளிலிட்டுக் கலந்து, எது எதுவென அறியாது உண்டனர். நான்கு வாரத்தின் பின் மருந்துண்டோரின் மனநலம் உயர்ந்திருந்தது. வெற்றுக்குளிசை உண்டோரின் மனநலமும் அவ்வாறே உயர்ந்திருந்தது! உண்ட நாளில் தென்பட்ட சிறு வேறுபாடும், உண்டது எதுவென்று அவர்கள் ஊகித்துக்கொண்டதன் விளைவே என்று அறிஞர் கண்டனர். சிக்காக்கோ பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்விலே, நலமுள்ளோருக்கு 13 அல்லது 26 மைக்கிரோகிராம் எல்.எஸ்.டி. நான்கு முறை கொடுத்தும், மனநிலையில் நிலைத்த உயர்வு காணப்படவில்லை.

இதனால் அப்பொருள்களே பயனற்றவை என்று நாம் கூறவில்லை. வேறு மருந்துகளால் குணமாகாத மனச்சோர்வுடைய 233 பேருக்கு, துணையாளரின் மேற்பார்வையில் ஒரேயொருமுறை சைலோசைபின் கொடுத்த சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. 25 மில்லிகிராம் பெற்றோரில் நூற்றுக்கு 37 பேர் மூன்று வாரத்தில் தெளிவான நலம் கண்டனர். 1 மில்லிகிராம் பெற்றோரில் 18 பேரே. வணிகர் எளிதில் எடுத்துச்சொல்லாத செய்தி ஈதே: ஒப்பீட்டுக்கென மருத்துவர் வைத்த பங்கு அந்த 1 மில்லிகிராம்தான்! பெரும்பங்கும் அபாயமற்றதன்று. தற்கொலை எண்ணம் தலைதூக்கியோர் எல்லாக் குழுக்களிலும் இருந்தனர். எனினும் அவுஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநோய் வைத்தியர் மட்டும் இதனைக் கொடுக்க இடமளித்தது. அது கடைத்தெருவுக்கு அளித்த அனுமதியன்று.

1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இவற்றை மிகக் கடுமையான பட்டியலில் அடைத்து, பல்லாண்டுகள் ஆராய்ச்சிக்கும் முட்டுக்கட்டையிட்டது. ஆய்வுகூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் அக்கட்டுத் தளர்த்தப்படவேண்டும் என்பதே நமது கருத்து. கடைக்காரனுக்கு அச்சலுகை வேண்டியதில்லை. நலமுள்ளவன் இதில் இழப்பது பெரும்பாலும் காசு. நோயாளியின் நிலை அத்தகையதன்று. நுண்பங்கை நம்பி, வைத்தியர் தந்த குளிசைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். லித்தியம் உண்போர் இப்பொருள்களையும் சேர்த்துக்கொண்டபோது வலிப்புக் கண்டதாக அறிக்கைகள் உள. குடும்பத்தில் சித்தப்பிரமை உடையோரைச் சோதனையாளர்களே சேர்த்துக்கொள்வதில்லை. ஆதலின் இதனை உண்பவர் எவரேனும் வீட்டிலிருப்பின், வெட்கத்தையும் சட்டப்பயத்தையும் ஒருபுறம் வைத்து, அதனை வைத்தியருக்கு மறைக்காது சொல்லவேண்டும். சொன்னவரைப் பொலிசுக்குக் காட்டிக்கொடாதிருத்தல் வைத்தியரின் கடன்.