இரண்டாவது சாவி



கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து வந்து திருகோணமலை டவுனில் வாடகைக்கு இருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் வேலை செய்பவர்கள். இவர்களில் பலர் வெளியே சொல்லத் தயங்கும் விடயம் ஒன்று உண்டு. அது வீட்டுச் சொந்தக்காரர் கையில் இருக்கும் இரண்டாவது சாவி.

"டேங்க் பார்க்க வந்தேன்", "சுவர் நனையுதாம், அதான் வந்தேன்." காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு பெண் முக்காடு இல்லாமல் சமைத்துக்கொண்டிருப்பாள். முகம் சுளித்தால் வீட்டை விடச் சொல்வார்களோ என்று பயந்து வாய் திறக்க மாட்டாள்.

கேட்டால், "என்ட ஊடுதானே!" என்பார்கள்.

மற்றவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்கிறது சூரா அந்நூரின் 27ஆம் வசனம். "இது மற்றவர் வீடு இல்லையே" என்பவர்கள் 29ஆம் வசனத்தையும் சேர்த்துப் பாருங்கள். அனுமதி கேட்காமல் நுழையும் சலுகை அங்கே ஆள் குடியிராத வீடுகளுக்குத்தான். உறுதி யார் பெயரில் என்பதல்ல, உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதே கேள்வி என்று நான் விளங்குகிறேன். உலமாக்கள் இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. தண்டனைச் சட்டக்கோவை அத்துமீறலைப் பற்றிப் பேசும்போது, ஒருவர் வசத்தில் இருக்கும் இடத்துக்குள் அவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ நுழைவதையே குற்றமாகச் சொல்கிறது. வாடகைக் காலம் முடிந்தும் ஆள் எழும்பாவிட்டால், வீட்டை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும். சாவியைத் திருப்பி உள்ளே போக முடியாது.

சொந்தக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. பாடுபட்டுக் கட்டிய வீடு. பைப் உடைந்தாலும் கரண்ட் பில் கட்டாமல் கிடந்தாலும் நட்டம் அவருக்குத்தான். வீட்டைப் பார்க்கவே விடமாட்டேன் என்று மாதக்கணக்கில் சாக்குச் சொல்லும் வாடகைக்காரரும் அமானிதத்தைப் பேணவில்லை.

இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் நிலையைப் பார்க்க வரும் சொந்தக்காரர் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நாம் அதை எக்ரிமன்டிலேயே எழுதிக்கொள்ளலாமே:

1. பார்க்க வருவதென்றால் முதல் நாளே சொல்வது. வீட்டிலுள்ள பெண்களுக்குத் தோதான நேரத்தில் வருவது.
2. நெருப்பு, பைப் உடைவு போன்ற அவசரத்தில் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் முதலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுவது.
3. இரண்டாவது சாவியை உறையிலிட்டு ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்து வைப்பது.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதை ஒரு ஜும்ஆவில் எடுத்துச் சொன்னால் பல குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

வீடு கொடுத்தவர்களே, மாதம் முடிய வாடகை வாங்குகிறீர்கள். அந்தக் காசுக்கு அவர்கள் வாங்குவது நாலு சுவரை மட்டுமல்ல, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையையும்தான்.

அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளிலும் பரக்கத் செய்வானாக.