கமுதி வாசலில் நின்றுபோன சமரசம்

சாதியை எதிர்த்த பக்தி என்றதும் சிதம்பரத்து நந்தனாரும் திருவரங்கத்துத் திருப்பாணாழ்வாரும் நினைவுக்கு வருவார்கள். ராமநாதபுரம் யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால், பிரிவுகளைத் தாண்டிய சமரசத்தைப் பாடிய இருவருக்கு இந்தச் சீமையோடு உறவு உண்டு. ஒருவர் இங்கே வந்து அடங்கியவர். மற்றவர் இங்கே பிறந்து வெளியேறியவர்.

வந்து அடங்கியவர் தாயுமானவர். திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் பார்த்தவர், அந்த மன்னர் மறைந்தபின் அரண்மனையை விட்டு நீங்கி, கடைசியில் ராமநாதபுரம் வந்து சேர்ந்தார். லட்சுமிபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. வேதாந்தத்துக்கும் சித்தாந்தத்துக்கும் நடந்த சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல், இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று பாடியவர்.

வெளியேறியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792-இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் அரபும் மார்க்கக் கல்வியும் பயின்றார். பெரியவர்கள் திருமணப் பேச்சை எடுத்த வயதில் துறவு பூண்டார். மலைகளிலும் காடுகளிலும் திரிந்து, வடசென்னையின் முட்புதர்களுக்கு நடுவே தங்கி, 1838-இல் அங்கேயே மறைந்தார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். இவரும் பராபரக்கண்ணி பாடினார். அகத்தீசரைப் பற்றியும் நந்தீசரைப் பற்றியும் சதகங்கள் செய்தார். மனோன்மணியைத் தலைவியாக வைத்து உருகினார். நபிகள் நாயகத்தையும் முகியித்தீன் ஆண்டகையையும் அதே தமிழில் போற்றினார். இவரைப் புகழ்ந்து நான்மணிமாலை பாடிய திருத்தணிகை சரவணப்பெருமாளையர், திருக்குறளை உரையோடு அச்சில் தந்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் இவர் பாடல்களுக்கு உரை எழுதியவர் ஒரு முதலியார். ஒரு சூஃபியின் தமிழை இப்படிச் சாதியும் மதமும் பாராமல் பலர் ஏந்திக்கொண்டது சாதாரணச் செய்தியல்ல.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சித்தர் சிவவாக்கியரைப் போல இவர்கள் சாதியை நேருக்கு நேர் நின்று விளாசியவர்கள் அல்லர். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கோலைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோனவர்கள். அதனால்தான் அரண்மனையும் மடமும் புலவர் வீடும் இவர்களை எளிதாகக் கொண்டாட முடிந்தது. அந்தக் கொண்டாட்டம் எதுவரை செல்லும் என்பதை இதே சீமை 1897-இல் காட்டியது.

அந்த ஆண்டு ஜனவரி 26-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கினார். அவரை அமெரிக்கா செல்லத் தூண்டியவர்களில் ஒருவரான ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். மறுநாள் ராமேசுவரம் கோயிலில், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று சுவாமிகள் பேசினார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம், சேதுபதி பரம்பரை அறங்காவலராக இருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தவர் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். சேதுபதி தரப்பு வழக்குத் தொடுத்தது. தீட்டுக் கழிக்கும் செலவுக்கும் சேர்த்துப் பணம் கேட்டது.

இதை ஒரு மன்னரின் இரட்டை வேடம் என்று முடித்துவிட்டால் வேலை சுலபம். கதை அதோடு நிற்கவில்லை. 1899-இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டில் இருந்தபோது, அவர்களை உள்ளே விடச் சம்மதித்துச் சமரசம் செய்துகொள்ள சேதுபதி முன்வந்தார். மனம் மாறித்தான் வந்தாரா, பணமுடை தள்ளியதா என்று ஆராய்வது வேறு வேலை. நடந்தது இதுதான்: நீதிமன்றம் அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கோயிலின் ஆகமப்படியும் வழக்கத்தின்படியும் உள்ளே வர உரிமையற்றவர்களை அனுமதிக்க ஓர் அறங்காவலர் ஒப்புக்கொண்டால் அது நம்பிக்கைத் துரோகம் என்று 1908-இல் தீர்ப்பு உறுதியானது. கதவைப் பூட்டச் சொன்னவரே திறக்க வந்தபோது சாவி அவர் கையில் இல்லை.

பக்தி இயக்கம் மனித மனத்தை மாற்றியது என்று பெருமையோடு எழுதும் நாம் கமுதியை மறந்துவிடுகிறோம். மனம் மாறினால் போதும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. அந்த வழக்கில் இரு தரப்பும் தாயுமானவர் பாடிய சமரசத்தின் மொழியைப் பேசவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கோயில் தரப்பு வழக்கத்தைக் காட்டியது. நாடார் தரப்பு, தாங்கள் பாண்டியர் வழிவந்த க்ஷத்திரியர் என்று வாதிட்டது. சாதி அளவுகோல் தவறு என்று சொல்லாமல், அதில் தங்கள் இடம் மேலே என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீதிமன்றம் கேட்ட கேள்வியே அப்படி.

நந்தனார் கதையும் இங்கேதான் வந்து நிற்கிறது. சேக்கிழார் அவரைத் தீயில் இறக்கி முனிவராக எழுப்பி உள்ளே அனுப்பினார். அவர் ஒருவர் போனார். அவருடைய சேரி வெளியே நின்றது. அடியார் ஒருவருக்குத் தரப்படும் அருளும் ஒரு சமூகம் கேட்கும் உரிமையும் வேறு வேறு. முன்னதைத் தர எந்த அமைப்பும் தயங்கியதில்லை, பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்.

1939 ஜூலை 8-இல் மதுரை வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட தோழர்களோடும் நாடார் ஒருவரோடும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். உடனே ராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்புத் தந்தது. 1947-இல் வந்த சட்டம் மாகாணம் முழுவதும் கோயில்களைத் திறந்தது. கமுதியில் சட்டம் பூட்டியதைச் சட்டம்தான் திறந்தது. அதற்குப் பின்னும் தெருவில் சமத்துவம் வந்துவிடவில்லை. தாழ்த்தப்பட்ட தன் மக்களின் சுயமரியாதைக்காக நின்ற இமானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

அப்படியானால் தாயுமானவரும் குணங்குடியாரும் பாடியது வீண்தானா? இல்லை. சட்டம் கதவைத் திறக்கும். பக்கத்தில் நிற்பவனை வெறுமனே சகித்துக்கொள்வதோடு நில்லாமல் மதிக்கவைக்க அதனால் முடியாது. தொண்டிக்கு அருகே பிறந்த முஸ்லிம் துறவி தாயுமானவர் எடுத்த யாப்பையே எடுத்துப் பாடினார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தால் அந்த மதிப்பு தானே வரும். ஆனால் பாட்டை ஏற்பவர்கள் அதன் கணக்கையும் ஏற்க வேண்டும்.

அந்தக் கணக்கு இன்று கருவறையில் பாக்கி நிற்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற சட்டத் திருத்தத்தைத் தமிழகம் 1970-லேயே கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற 24 பேருக்கு ஒரே நாளில் பணி ஆணை கிடைக்க 2021 ஆகஸ்ட் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்குகளில் இன்றும் ஆகமமும் வழக்கமுமே வாதம். 1908-இன் குரல் அப்படியே கேட்கிறது. ராமேசுவரத்தில் சிருங்கேரி மடத்தின் தீட்சை பெற்ற மராட்டிய அந்தணர் மரபினரே வழிவழியாகக் கருவறைப் பூசை செய்பவர்கள். அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்பது அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் உண்டா என்பதைத்தான். லட்சுமிபுரத்தில் தாயுமானவரை வணங்குகிறவர்களும் குணங்குடியாரை மேடையில் புகழ்கிறவர்களும் இந்தக் கேள்வியை அரசிடமும் அறநிலையத் துறையிடமும் எழுப்ப வேண்டும்.